வெப்பம் அளந்த வித்தகர்

சித்திரைத் திங்களின் கடைக்கூறு. அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே நிமிர்ந்து நிற்கும் மலைக்கோட்டைப் பாறை, பகலெல்லாம் உண்ட வெயிலை இரவிலும் உமிழ்ந்துகொண்டிருக்கிறது. காவிரியில் நீரினும் மணலே மிகுதியாகத் தோன்றுகிறது. அம்மணலில் நண்பகலில் வெறுங்காலுடன் நடப்பார் இலர். ஆற்றின் அக்கரையில், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே விளங்கும் திருவரங்கத்தின் அகன்ற வீதிகளிலும் ஆள் நடமாட்டம் அருகிவிடுகிறது. மதில்களின் நிழலை நாடி ஆடுமாடுகள் ஒதுங்குகின்றன.

மாலையில் ஒரு மாணவன் செய்தித்தாளை விரித்துப் பார்க்கின்றான். திருச்சியில் முந்திய நாள் வெப்பம் 104 பாகை என்று அதில் அச்சிடப்பட்டிருக்கிறது. வானொலியோ அதே நாளின் வெப்பம் 40 பாகை என்று அறிவிக்கின்றது. ஒரே ஊர், ஒரே நாள், ஒரே வெயில். எண்கள் மட்டும் இரண்டு. இவற்றுள் எது மெய், எது பொய் என்று அவன் மயங்குகின்றான். உண்மையில் இரண்டும் மெய்யே. ஒன்று பாரன்ஹீட் என்பார் வகுத்த அளவை. மற்றொன்று செல்சியஸ் என்பார் வகுத்த அளவை. டிகிரி என்று நாம் பேச்சில் வழங்குவதே பாகையாகும். வெப்பத்திற்கு நம்பத்தக்க அளவினை முதன்முதல் தந்த பாரன்ஹீட்டின் வரலாற்றை அறிந்தோமாயின், இவ்விரண்டு எண்களின் உறவும் நமக்கு எளிதில் விளங்கும்.

நீளத்தை அளக்க முழமும், நெல்லை அளக்க மரக்காலும், பொன்னை நிறுக்கத் துலாக்கோலும் மக்களிடையே தொன்றுதொட்டு வழங்கி வந்தன. வெப்பத்தை அளப்பதற்கோ நெடுங்காலம் வரை கருவி இல்லை. மெய்யே அதற்குக் கருவியாக இருந்தது. ஆனால் மெய் சொல்வது எப்பொழுதும் மெய்யன்று. மார்கழி வைகறையில் காவிரியில் மூழ்குவோர்க்கு ஆற்றுநீர் வெதுவெதுப்பாகத் தோன்றும். நண்பகலில் வெயிலில் நடந்து வந்து அதே நீரில் கால் வைப்போர்க்கு அது குளிர்ச்சியாகத் தோன்றும். நீரின் வெப்பம் அத்துணை மாறிவிடவில்லை. தொடும் உடலின் நிலையே மாறியது. ஒரு கையைச் சுடுநீரிலும் மற்றொரு கையைக் குளிர்ந்த நீரிலும் சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் இரண்டையும் ஒரே பாத்திரத்து நீரில் இடுக. அந்நீர் ஒரு கைக்குக் குளிரும். மறு கைக்குச் சுடும். ஆதலின் கைகளின் சான்றை நம்பி வெப்பத்தை ஆராய்தல் இயலாது என்று அறிஞர் உணர்ந்தனர்.

பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டினர் இதற்கு ஒரு வழி கண்டனர். வெப்பத்தால் பொருள்கள் விரியும், குளிர்ச்சியால் சுருங்கும். இவ்வியல்பைக் கொண்டு, கண்ணாடிக் குழலில் சாராயத்தை அடைத்து, அஃது ஏறுவதையும் இறங்குவதையும் கொண்டு வெப்பத்தை உய்த்துணர்ந்தனர். பிளாரென்ஸ் நகரத்தார் செய்த இக்கருவிகள் ஐரோப்பா எங்கும் பரவின. ஆயினும் ஒரு பெருங்குறை இருந்தது. ஒவ்வொரு கைவினைஞரும் தத்தமக்குத் தோன்றியவாறு கோடுகளைக் கீறினர். ஓர் ஊரின் மரக்கால் மற்றோர் ஊரின் மரக்காலுக்கு ஒவ்வாதது போல, ஒருவர் செய்த கருவி மற்றொருவர் செய்த கருவிக்கு ஒவ்வவில்லை. ஏன், ஒருவரே செய்த இரண்டு கருவிகளும் தம்முள் ஒவ்வவில்லை. பாரிசில் இருந்து ஒருவர் எழுதிய எண், இலண்டனில் இருந்தவர்க்குப் பொருளற்றதாயிற்று. இக்குறையை நீக்கவே ஒரு மனிதர் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

டேனியல் கேபிரியல் பாரன்ஹீட் 1686ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் டான்சிக் நகரில் பிறந்தார். பால்டிக் கடற்கரையில் உள்ள அத்துறைமுகம் அக்காலத்தில் போலந்து அரசுக்கு உட்பட்டிருந்தது. இக்காலத்தில் கிதான்ஸ்க் என வழங்குகிறது. அவர்தம் குடும்பத்தார் ஜெர்மன் மொழி பேசிய வணிகர். உயிரோடிருந்த மக்கள் ஐவருள் டேனியலே மூத்தவர். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடியில் அவர் கவலையின்றி வளர்ந்தார்.

1701ஆம் ஆண்டு வந்தது. நம் நாட்டில் இராணி மங்கம்மாள் திருச்சிராப்பள்ளியில் இருந்து ஆட்சி புரிந்த காலம் அது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 14ஆம் நாள், டான்சிக் நகரில் பாரன்ஹீட்டின் இல்லத்தில் பேரிடி விழுந்தது. நச்சுக் காளானை அறியாது உண்டமையால், அவருடைய தந்தையாரும் தாயாரும் ஒரே நாளில் உயிர் நீத்தனர். பதினைந்து வயதுச் சிறுவர் தம்பி தங்கையரோடு ஆதரவற்று நின்றார். ஊரார் அப்பிள்ளைகளுக்குக் காப்பாளரை அமர்த்தினர். வணிகர் மகன் வணிகனாதலே முறை என்று அவர்கள் முடிவு செய்தனர். மூத்த பிள்ளையாகிய பாரன்ஹீட்டை, கணக்கும் வாணிகமும் பயிலுமாறு ஆலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அனுப்பி வைத்தனர்.

ஆம்ஸ்டர்டாம் அக்காலத்தில் உலக வாணிகத்தின் தலைவாயில்களுள் ஒன்று. ஆங்கு ஒரு வணிகரிடம் நான்கு ஆண்டுகள் தொழில் பயிலுமாறு அவர் அமர்த்தப்பட்டார். பேரேட்டில் வரவு செலவு எழுத வேண்டிய கைகள், அந்நகரின் கருவிக் கடைகளில் இருந்த கண்ணாடிக் குழல்களை நாடின. இத்தாலி முறையில் அமைந்த வெப்பமானிகளை அவர் ஆங்குக் கண்டார். அவற்றின் அழகும் குறையும் ஒருங்கே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஒன்றோடொன்று ஒத்துப் பேசும் கருவிகளைச் செய்ய முடியாதா என்னும் வினா அவர் நெஞ்சில் வேரூன்றியது.

ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டும். தமக்குப் பின்னாளில் வரவேண்டிய தந்தையின் சொத்தை நம்பி அவர் கடன் பெற்றார். கடன் வளர்ந்தது, வாணிகம் கைவிடப்பட்டது. காப்பாளர் சினந்தனர். அவரைப் பிடித்து, கீழை நாடுகளுக்குச் செல்லும் ஆலந்துக் கப்பலில் ஏற்றி அனுப்ப அதிகாரிகளிடம் ஆணை பெற்றனர். அக்காலத்தில் இவ்வாறு கப்பலேறியோருள் தாயகம் திரும்பாது மாண்டோர் பலர். நம் காவிரி கடலோடு கலக்கும் நாட்டில் உள்ள நாகப்பட்டினம் அப்பொழுது ஆலந்துக்காரர் வசம் இருந்தது. அவ்வாணை நிறைவேறியிருக்குமாயின், பாரன்ஹீட் நாகப்பட்டினத் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் பணியாளராக வந்து இறங்கியிருப்பினும் வியப்பில்லை. வெப்பமானியின் வரலாறோ வேறாகியிருக்கும்.

காப்பாளர் செய்ததை முற்றும் கொடுமை என்று சொல்லுதலும் பொருந்தாது. பெற்றோரை இழந்த பிள்ளை கடனில் அழுந்துவதைக் கண்டு அஞ்சியே அவர்கள் அவ்வாறு செய்திருத்தல் கூடும். இளைஞர் கண்ட கனவு அவர்தம் கண்ணுக்குப் புலப்படவில்லை. இளைஞரும் கடமையையும் கருத்தையும் ஒருங்கே காக்கும் வழியை அப்பொழுது அறியவில்லை. பிடிபடாமல் அவர் ஊர் ஊராகச் சென்றார். பெர்லின், ஆலே, லைப்சிக், டிரெஸ்டன் முதலிய நகரங்களில் உள்ள அறிஞரையும் கைவினைஞரையும் கண்டு பழகினார். பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெறாத அவருக்கு, அப்பயணமே பல்கலைக்கழகமாயிற்று.

1708ஆம் ஆண்டில் அவர் டென்மார்க்கு நாட்டுத் தலைநகராகிய கோபன்ஹேகனை அடைந்தார். ஒளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லக் காலம் எடுத்துக்கொள்கிறது என்று காட்டிய வானநூற் பேரறிஞர் ஓலே ரோமர் ஆங்கு வாழ்ந்தார். அவர் வெப்பமானிக்கு அளவு குறிப்பதைப் பாரன்ஹீட் அருகிருந்து கண்டார். ரோமர் தம் விருப்பம் போலக் கோடு கீறவில்லை. உருகும் பனிக்கட்டியில் கருவியை வைத்து ஒரு குறி இட்டார்; உடலின் வெப்பம் உடைய நீரில் வைத்து மற்றொரு குறி இட்டார். எந்நாட்டிலும் எவரும் மீண்டும் காணத்தக்க நிலைகள் இவை. இரண்டு நிலைகளை உறுதி செய்து இடைவெளியைச் சமமாகப் பகுத்தால், எங்குச் செய்த கருவியும் ஒரே மொழி பேசும். இதுவே பாரன்ஹீட் தேடித் திரிந்த மறைபொருள்.

ரோமரின் அளவையில் பனிக்கட்டி உருகும் நிலை ஏழரை. உடல் வெப்பம் இருபத்திரண்டரை. இந்த அரைகள் கருவி செய்வார்க்கு இடர் தந்தன. பாரன்ஹீட் ஒவ்வொரு பாகையையும் நான்காகப் பகுத்தார். ஏழரை முப்பதாயிற்று, இருபத்திரண்டரை தொண்ணூறாயிற்று. பின்னர் அவற்றைச் சிறிது திருத்தி 32 என்றும் 96 என்றும் அமைத்துக்கொண்டார். இத்திருத்தத்தில் ஒரு நுட்பம் உண்டு. தொண்ணூற்றாறிலிருந்து முப்பத்திரண்டைக் கழிக்க, எஞ்சுவது அறுபத்து நான்கு. ஒரு நீளத்தைப் பாதியாக்கி, அப்பாதியை மீண்டும் பாதியாக்கி, இவ்வாறு ஆறுமுறை செய்தால் அறுபத்து நான்கு சமபங்குகள் கிடைக்கும். அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம் என்று நம் முன்னோர் பகுத்து வந்த முறையும் இதுவே. கால்வீசம் என்பது அறுபத்து நான்கில் ஒரு பங்கன்றோ? கண்ணாடிக் குழலின்மேல் கோடு கீறும் கைக்குப் பாதியாக்குதலே மிக எளிய கணக்கு.

சுழியத்தைப் பாரன்ஹீட் எங்கு வைத்தார்? பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகிய மூன்றையும் கலந்தால் வெறும் பனிக்கட்டியினும் மிக்க குளிர் உண்டாகும். அக்கலவையின் குளிரையே சுழியம் என்று அவர் கொண்டார். குளிர்நாட்டு மாரிக்காலத்திலும் அன்றாட வெப்பத்தை எதிர்மறை எண்ணின்றிக் குறிக்க இஃது உதவியது.

1714ஆம் ஆண்டில் அவருடைய உழைப்புக்குப் பயன் விளைந்தது. ஆலே நகரத்துப் பேரறிஞர் கிறித்தியன் உல்ப் என்பாருக்கு அவர் இரண்டு வெப்பமானிகளைச் செய்து அளித்தார். உல்ப் அவற்றை ஆராய்ந்து பெருவியப்படைந்தார். இரண்டும் எவ்விடத்து வைப்பினும் ஒரே அளவைக் காட்டின. அச்செய்தியை அவர் கற்றோர் படிக்கும் இதழில் எழுதி வெளியிட்டார். இரண்டு கருவிகள் ஒத்திருந்தன என்பது இன்று நமக்குச் சிறு செய்தி. கடைத்தெருவில் வாங்கும் எந்த இரண்டும் ஒத்திருக்கும் என்று நாம் எண்ணுகின்றோம். அன்றோ அது கற்றோரும் வியந்த அருஞ்செயல். இரண்டு சான்றுகள் ஒத்துரைத்தால் அன்றோ வழக்கில் தீர்ப்பு அமையும்? அவ்வாறே, இரண்டு கருவிகள் ஒத்துரைத்த அன்றுதான் வெப்பத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு உறுதியான அடித்தளம் அமைந்தது.

அவர் அத்துடன் அமையவில்லை. நீர் கொதிக்கும் முன்னரே சாராயம் கொதித்துவிடும். ஆதலின் மிக்க வெப்பத்தை அளக்க அஃது உதவாது. பாதரசமோ பெருங்குளிரிலும் உறையாது, பெருவெப்பத்திலும் கொதியாது, கண்ணாடியில் ஒட்டாது, வெள்ளிபோல் ஒளிர்ந்து கண்ணுக்குப் புலனாகும். இவற்றை எண்ணி அவர் பாதரச வெப்பமானியைச் செய்தார். உருண்டையான குமிழுக்கு மாற்றாக நீண்ட உருளை வடிவினைக் கொண்டார். கண்ணாடி ஊதும் கலையைத் தாமே பயின்று தேர்ந்தார். 1717ஆம் ஆண்டு முதல் ஆம்ஸ்டர்டாமிலே நிலையாக அமர்ந்து, கருவிகள் செய்து விற்றுப் பிழைத்தார். எந்த நகரத்திற்கு அவர் வாணிகம் பயில அனுப்பப்பட்டாரோ, அந்த நகரத்திலேயே வேதியியல் பற்றிச் சொற்பொழிவாற்றும் ஆசிரியராக விளங்கினார். லெய்டன் நகரத்து மருத்துவப் பேராசிரியராகிய புகழ்மிக்க பூர்காவ் அவருடைய வெப்பமானிகளை விரும்பிப் பெற்றார்.

நல்ல கருவி கைக்கு வந்ததும் இயற்கை தன் மறைபொருள்களை வெளியிடத் தொடங்கியது. நீர் 212 பாகையில் கொதிப்பதைப் பாரன்ஹீட் தம் கருவியால் கண்டார். காற்றின் அழுத்தம் குறைந்தால் நீர் அதனினும் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதையும் கண்டறிந்தார். திருச்சியில் ஏறத்தாழ 212 பாகையில் கொதிக்கும் நீர், உதகமண்டலத்தின் உயரத்தில் ஏறத்தாழ 199 பாகையிலேயே கொதித்துவிடும். மலைமேல் பருப்பு வேகச் சுணங்குவதற்கு இதுவே காரணம். மேலும், அசைவற்ற தூய நீர் தன் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் நிற்றல் கூடும் என்பதையும் அவர் கண்டு உரைத்தார். 1724ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அவர் இலத்தீன் மொழியில் எழுதிய ஐந்து கட்டுரைகளை அக்கழகம் வெளியிட்டது. பட்டம் பெறாத கைவினைஞர் ஒருவர் நியூட்டன் தலைமை தாங்கிய அவையில் இடம்பெற்றார்.

புகழ் வந்தது, பொருள் வரவில்லை. தாழ்ந்த நிலங்களில் தேங்கும் நீரை இறைக்கும் எந்திரம் ஒன்றை அமைத்து, அதற்கு உரிமை பெறும்பொருட்டு அவர் தி ஹேக் நகருக்குச் சென்றார். ஆங்கு நோய்வாய்ப்பட்டு, 1736ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16ஆம் நாள், தமது ஐம்பதாம் வயதில் மறைந்தார். வறியோர்க்குரிய எளிய முறையிலே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. செல்வர் மகனாகப் பிறந்து வறியவராக மறைந்த அவர், உலகுக்கு விட்டுச் சென்ற செல்வம் அளவிடற்கரியது.

பாரன்ஹீட் பெற்றோரை இழந்த அதே 1701ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டு உப்சாலா நகரில் ஒரு குழந்தை பிறந்தது. அதுவே ஆந்தர்ஸ் செல்சியஸ். வானநூல் பேராசிரியராக வளர்ந்த அவர், 1742ஆம் ஆண்டில் வேறோர் அளவையை வெளியிட்டார். நீரின் உறைநிலை, கொதிநிலை ஆகிய இரண்டையும் எல்லையாகக் கொண்டு, இடைவெளியை நூறு பங்காகப் பகுத்தார். ஆனால் இக்காலத்து முறைக்கு மாறாக, கொதிநிலையைச் சுழியம் என்றும் உறைநிலையை நூறு என்றும் அவர் குறித்தார். 1744இல் அவர் என்புருக்கி நோயால் இறந்த பின்னர், அறிஞர்கள் அதனைத் தலைகீழாக மாற்றி, உறைநிலையைச் சுழியம் ஆக்கினர். நூறு பகுப்புடைய அளவை எனப் பொருள்படும் சென்டிகிரேட் என்னும் பெயர் நெடுநாள் வழங்கியது. 1948ஆம் ஆண்டில் அதற்குச் செல்சியஸ் என்னும் பெயர் உறுதி செய்யப்பட்டது. பாரன்ஹீட் அளவையிலும் பிற்காலத்தார் நீரின் உறைநிலையாகிய 32, கொதிநிலையாகிய 212 ஆகியவற்றையே எல்லைகளாக நிலைநிறுத்தினர்.

இனி, ஓர் அளவையிலிருந்து மற்றோர் அளவைக்கு மாறும் வழியைக் காண்போம். இதற்கு மலைக்கோட்டையின் படிகளை மனத்திற் கொள்க. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், இடையே தாயுமானவர், முடியிலே உச்சிப் பிள்ளையார். இம்மலையில் இருவேறு படிவரிசைகள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். பாரன்ஹீட் என்னும் சிற்பி அடிவாரத்திலிருந்தே சிறு படிகளை வெட்டிக்கொண்டு வருகின்றார். முப்பத்திரண்டு படி ஏறியதும் ஒரு திண்ணை வருகிறது. செல்சியஸ் என்னும் சிற்பி அத்திண்ணையிலிருந்துதான் தம் கணக்கைத் தொடங்குகின்றார். அவர் வெட்டுவன பெரும்படிகள். திண்ணையே நீரின் உறைநிலை; மலையுச்சியே நீரின் கொதிநிலை. திண்ணையிலிருந்து உச்சிக்குச் செல்சியஸ் வெட்டிய படிகள் நூறு. பாரன்ஹீட் வெட்டிய படிகள் நூற்றெண்பது. ஆதலின் ஐந்து பெரும்படிகளின் உயரமும் ஒன்பது சிறுபடிகளின் உயரமும் ஒன்றே.

பாரன்ஹீட் எண்ணைச் செல்சியஸ் எண்ணாக்க வேண்டுமாயின், முதலில் திண்ணைக்குக் கீழுள்ள முப்பத்திரண்டு படிகளைக் கழித்துவிடுக. எஞ்சிய படிகளில் ஒன்பதுக்கு ஐந்தாகக் கொள்க. மாணவன் கண்ட 104இல் 32 போக 72. அதனை ஒன்பதால் வகுக்க 8. ஐந்தால் பெருக்க 40. வானொலி சொன்ன எண் வந்துவிட்டது. செல்சியஸ் எண்ணைப் பாரன்ஹீட் எண்ணாக்க, வந்த வழியே திரும்புக. 40ஐ ஐந்தால் வகுக்க 8. ஒன்பதால் பெருக்க 72. முப்பத்திரண்டைக் கூட்ட 104. கழித்தலை முதலில் செய்தவன், திரும்பி வருங்கால் கூட்டலை இறுதியில் செய்தல் வேண்டும். இவ்வரிசை மாறினால் விடை பிழைபடும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. காலையில் 27 பாகை செல்சியஸாக இருந்த வெப்பம் நண்பகலில் 37 ஆகிறது என்க. ஏற்றம் 10 பாகை. இதனைப் பாரன்ஹீட்டில் கூறுங்கால், பத்தை மாற்றி முப்பத்திரண்டைக் கூட்டி 50 பாகை ஏறியது என்பார் உளர். அது தவறு. ஒருவன் திண்ணைக்கு மேலே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பத்துப் பெரும்படி ஏறினால், அது பதினெட்டுச் சிறுபடியே ஆகும். கீழே உள்ள முப்பத்திரண்டு படிகளை அவன் மீண்டும் ஏறவில்லை. நிற்கும் இடத்தைச் சொல்லும்போதுதான் முப்பத்திரண்டு வேண்டும். ஏறிய உயரத்தைச் சொல்லும்போது வேண்டுவதில்லை. திண்ணைக்குக் கீழே நெடுந்தூரம் இறங்கிச் சென்றால், இரண்டு கணக்கும் ஒன்றாகும் இடம் ஒன்று உண்டு. சுழியத்திற்குக் கீழே 40 என்பதே அது. ஆங்குப் பாரன்ஹீட்டும் செல்சியஸும் ஒரே எண்ணைக் கூறுவர்.

இக்கணக்கு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. உயிர் காப்பதும் ஆகும். இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதின்ம அளவைகள் ஏற்கப்பட்டன. வானிலைத் துறையினர் செல்சியஸ் அளவையே ஆளுகின்றனர். ஆயினும் ஆங்கிலேயர் ஆட்சியில் வேரூன்றிய பாரன்ஹீட், வீடுகளில் காய்ச்சல் பார்க்கும் கருவியில் இன்றும் வாழ்கின்றார். திருவரங்கத்து உத்தர வீதியில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். குழந்தைக்குக் காய்ச்சல். வெளிநாட்டிலிருந்து மகன் வாங்கி வந்த புதிய கருவியைப் பாட்டி வைத்துப் பார்க்கின்றார். அது 40 என்று காட்டுகிறது. நூறுக்கு மேல் போனால் காய்ச்சல் என்பதே பாட்டி அறிந்தது. நாற்பதைக் கண்டு காய்ச்சல் இல்லை என்று அவர் அமைதி கொள்வாராயின், அக்குழந்தையின் நிலை என்னாகும்? அருகிருக்கும் பேரன் நொடியில் கணக்கிட்டு அது 104 என்று சொன்னால், உடனே மருத்துவரிடம் ஓடுவர். வெயிலுக்குப் பழகிய எண், உடலுக்கு வந்தால் பேரிடர் ஆகும்.

எண்களின் தோற்றத்தைக் கண்டு ஏமாறுதலும் ஆகாது. உடலின் இயல்பான வெப்பம் 98.6 பாகை என்று பலர் சொல்லக் கேட்கின்றோம். புள்ளிக்குப் பின்னுள்ள ஆறு மிக நுட்பமான அளவுபோல் தோன்றுகிறது. 1868ஆம் ஆண்டில் வுண்டர்லிக் என்னும் ஜெர்மன் மருத்துவர், மக்கள் பல்லோரின் உடல் வெப்பத்தை அளந்து எழுதிய நூலில் 37 பாகை செல்சியஸ் என்று குறித்தார். அம்முழு எண்ணை மாற்றியபோது 98.6 என்று வந்தது, அவ்வளவே. மனிதர்க்கு மனிதரும், காலைக்கு மாலையும் உடல் வெப்பம் சிறிது வேறுபடுதல் இயல்பு. எண்ணை மாற்றினால் அதன் உருவம் மாறும். உள்ளதைவிட மிகுந்த நுட்பம் அதற்கு வந்துவிடாது. இதனை அறிந்தவரே கணக்கறிந்தவர்.

பாரன்ஹீட்டின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது யாது? இளமையில் பெற்றோரை இழந்தார், சுற்றத்தாரால் ஒறுக்கப்பட்டார், கடனாளியாய் நாடு நாடாய் அலைந்தார். எனினும், தாம் செய்யும் கருவி பொய் சொல்லலாகாது என்னும் ஒரே உறுதியைக் கைவிட்டாரில்லை. அளவையின் பெயரைச் சொல்லாத எண், ஊர்ப்பெயர் எழுதாத கடிதம் போன்றது. அது சென்று சேர வேண்டிய இடத்தைச் சேராது. ஆதலின், மாணவர்களே, எண்ணைச் சொல்லும்பொழுது அஃது எந்த அளவையில் நின்று சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருவர் கருத்து மாறுபடக் கேட்பின், எவர் பொய்யர் என்று வினவும் முன், அவர்கள் எங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள், எத்துணைப் பெரிய படியால் எண்ணினார்கள் என்று ஆராய்ந்து பாருங்கள். திருச்சிராப்பள்ளி மாணவனின் ஐயத்தைப் போலவே, உலகின் வேறுபாடுகள் பலவும் அவ்வாராய்ச்சியால் தீர்ந்துவிடும்.